திரையில் திரும்பிய மடை

எழுதினால் அது போய்ச் சேர்ந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்து நம்பியிருந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள். நான் தலை நரைத்து, தொப்பை விழுந்து, அந்த எழுத்து வேலைக்கே மாதாமாதம் சம்பளமும் வாங்கிக்கொண்டு நம்பினேன்.

எழுத்து என்றதும் கதை, கவிதை என்று மரியாதையாக நினைத்துவிட வேண்டாம். கம்ப்யூட்டருக்குள் ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்கிறது. அதன் அடிமடியில் கர்னல் என்று ஒரு பகுதி. வெளியே மோட்டார், பிரிண்டர், கேமரா என்று ஏகப்பட்ட சாமான்கள். கர்னலின் சார்பில் ஒவ்வொரு சாமானோடும் பேச ஒரு நிரல் வேண்டும். அதற்கு டிரைவர் என்று பெயர். சாமானுக்குள் சின்னச் சின்ன அறைகள் இருக்கும். இந்த அறையில் ஒன்று என்று எழுதினால் மோட்டார் ஓடும், பூஜ்யம் எழுதினால் நிற்கும். அப்படி ஒன்றும் பூஜ்யமும் எழுதியே என் ஆயுளில் பாதியைக் கழித்திருக்கிறேன். என் மாமனாருக்குக் கடைசி வரையில் இது ஒரு உத்தியோகம் என்று நம்பிக்கை வரவில்லை.

சொந்த ஊர் கண்ணமங்கலம். வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று கம்பெனி சொன்ன காலத்தில், மனைவிக்கு ஜமுனாமரத்தூர்ப் பள்ளியில் கணக்கு டீச்சராக மாற்றல் வந்தது. நானும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மலையேறிவிட்டேன். ஏறினேன் என்று சொல்வதைவிட ஏற்றப்பட்டேன் என்பதே சரி. மலைப்பாதை பஸ்ஸில் உட்கார்ந்தால் நான் கண்ணை இறுக மூடிக்கொள்வேன். ஒவ்வொரு வளைவிலும் பக்கத்திலிருக்கும் மனைவியின் முழங்கையைச் சுரண்டி, "திரும்பியாச்சா?" என்று கேட்பேன்.

"திரும்பியாச்சு, கண்ணத் தொறங்க" என்பாள். திறப்பேன். அடுத்த வளைவு வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். மறுபடி மூடிக்கொள்வேன்.

என் பயங்களுக்குப் பட்டியல் போட்டால் இந்தப் பக்கங்கள் போதாது. வீட்டைப் பூட்டினால் பூட்டில் தொங்கிப் பார்ப்பேன். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு முறை தொங்குவேன். பூட்டு உடைந்தால் அது திருடனால் இருக்காது, உன் புருஷனால்தான் இருக்கும் என்று மனைவியிடம் அவளுடைய அக்கா சொல்லியிருக்கிறார்.

அந்த அக்காதான் இந்தக் கதையில் முக்கியமானவர். எங்களுக்கு முன்பே மலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, இங்கேயே வேரூன்றிவிட்டவர். பெண்கள் குழு ஒன்று நடத்தும் சாமை மெஷின் ஷெட்டுக்கு அவர்தான் பொறுப்பு. என்னை விட வயதில் மூத்தவர். என்னை "மாப்ள" என்று கூப்பிடுவார். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று இத்தனை வருடத்தில் என்னால் பிரித்தெடுக்க முடியவில்லை.

அக்காவின் ஷெட்டில் இரண்டு மெஷின்கள். முதலாவது, சாமையைச் சலித்துக் கல்லையும் தூசியையும் பிரிப்பது. இரண்டாவது, சலித்த சாமையின் உமியை நீக்கி அரிசியாக்கும் ஹல்லர். சலிக்கும் மெஷினின் வாயில் ஒரு தகடு இருந்தது. இந்தப் பக்கம் சாய்த்தால் சாமை மூட்டைக்குப் போகும், அந்தப் பக்கம் சாய்த்தால் ஹல்லருக்குப் போகும். வயலில் தண்ணீரைத் திருப்புவது மாதிரி இருந்ததால் குழுப் பெண்கள் அதை மடை என்றே சொன்னார்கள். கையால் திருப்பும் மடை. எப்போதும் சிக்கிக்கொள்ளும். ஒருத்தர் தொங்கினால்தான் திரும்பும்.

தொங்குவதில் எனக்கு இருக்கும் அனுபவத்தை உத்தேசித்தோ என்னவோ, ஒருநாள் அக்கா கேட்டார்: "மாப்ள, நாள் பூரா அந்தப் பொட்டியத் தட்டிக்கினே கீறீங்களே, இந்த மடையத் திருப்புறதுக்கு ஒரு வழி பண்ணக் கூடாதா?"

கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மனைவி வீட்டில் என் வேலையைப் பற்றி ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது. ஆபீஸில் கழித்துக் கட்டிய பழைய கம்ப்யூட்டர் ஒன்றையும், மலிவாகக் கிடைத்த ஒரு கட்டுப்பாட்டு போர்டையும் வாங்கி வந்தேன். மடைக்கு ஒரு குட்டி மோட்டார் வைத்தேன். மடை ஹல்லர் பக்கம் சாய்ந்திருக்கும்போது சாமை விழ ஆரம்பித்தால், கம்ப்யூட்டரைக் கேட்காமல் போர்டே ஹல்லர் மோட்டாரையும் ஓட்டிவிட வேண்டும் என்று ஏற்பாடு செய்தேன். இதெல்லாம் போதாதென்று, ஆபத்துக்கு அமுக்க உள்ளங்கை அகலத்தில் ஒரு சிவப்புப் பித்தானும் பொருத்தினேன். குழுப் பெண்களை வரிசையாக நிறுத்தி, "ஏதாவது ஆச்சுன்னா யோசிக்கவே கூடாது, இதுல ஒரு குத்து" என்று பாடமும் எடுத்தேன்.

பிறகு டிரைவர் எழுத உட்கார்ந்தேன். பூட்டில் தொங்குகிறவன் எழுதும் நிரல் எப்படி இருக்கும்? ஒரு வரி மடையைத் திருப்பச் சொல்லி எழுதும். அடுத்த வரி அந்த அறையைப் படித்துப் பார்த்து, திரும்பியாச்சா என்று கேட்கும். மோட்டாரை நிறுத்த ஒரு வரி. நின்றாச்சா என்று இன்னொரு வரி. பாதி நிரல் வேலை செய்தது, மீதிப் பாதி நகம் கடித்தது. ஆனால் ஓடியது. வீட்டுக் கூடத்தில் வைத்துச் சோதித்தபோது மடை டக் டக் என்று அடித்துக்கொண்டு திரும்பியது.

வைகாசி மழை விழுந்து மலையில் ஏர் பூட்டியாயிற்று. விதைச் சாமை தயாராக வேண்டும். வழக்கமாக அவரவர் வீட்டில் முறத்தில் புடைத்துக்கொள்வார்கள். அந்த வருடம் எல்லோருடைய விதையையும் ஒன்றாகச் சேர்த்து மெஷினில் சலித்துக் கொடுக்கிறேன் என்று அக்கா சொல்லிவிட்டார். "எம் மாப்ள பண்ணியிருக்கு, நான் ஜவாப்பு" என்று குழுக் கூட்டத்தில் சொன்னாராம். ஷெட்டுக்கு மூட்டைகள் வந்து இறங்கின. இந்த மலை மண்ணுக்குப் பழகிய சாமை. நல்ல கதிராகப் பார்த்து ஒதுக்கி, பூச்சி அண்டாமல் காத்து வைத்தது. சலித்து மூட்டைக்குப் போனால் விதை. தப்பித் தவறி ஹல்லருக்குள் போனால் அரிசி. அரிசி முளைக்காது. இது போனால் வேறு விதை இல்லை, அந்தப் போகமே போச்சு. அக்கா கொடுத்த வாக்கும் போச்சு.

முந்தின நாள் சாயங்காலம் மனைவி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். கணக்கு டீச்சர் கண்ணுக்கு எந்தத் தாளும் விடைத்தாள்தான்.

"இன்னாங்க இது? ஒரு வரி எழுதுறீங்க, அடுத்த வரில 'ஆச்சா'ன்றீங்க. மறுபடி ஒரு வரி, மறுபடி 'ஆச்சா.' பஸ்ஸுல எங்கையச் சுரண்டுற மாதிரியே கீது."

"அது ஒரு பாதுகாப்புக்கு."

"எழுதிட்டீங்க இல்ல? அப்புறம் இன்னா சந்தேகம்? எங் கிளாஸ்ல ஒருத்தன் கீறான். ஒவ்வொரு கணக்குக்கும் எழுந்து வந்து கரெக்ட்டா மிஸ்னு கேப்பான். கணக்குல்லாம் கரெக்ட்டாதான் இருக்கும். அவனப் பாத்தா பாவமா இருக்கும்."

பாவம் என்ற சொல் உறைத்துவிட்டது. இத்தனை வருட அனுபவஸ்தன் எழுதும் நிரலா இது? அவள் அந்தப் பக்கம் போனதும் எல்லா 'ஆச்சா'க்களையும் அழித்தேன். நிரல் பாதியாக இளைத்து, பார்க்கவே லட்சணமாக நின்றது. நானும் ஒரு சுற்று இளைத்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன். திருத்தியதை இன்னொரு முறை ஓட்டிப் பார்க்கவில்லை. ஓட்டிப் பார்ப்பது அந்தப் பழைய ஆளின் வழக்கமல்லவா?

மறுநாள் காலை ஷெட்டுக்குப் போனபோது அக்கா வாசலில் நின்று போனில் கத்திக்கொண்டிருந்தார். எங்கள் மலையில் எதுவும் பஸ்ஸில்தான் போகும், பஸ்ஸில்தான் வரும். மருந்து, தைக்கக் கொடுத்த ரவிக்கை, மறந்துபோன சாவி, ரிப்பேருக்குப் போகும் மிக்ஸி எல்லாம் கண்டக்டர் கையில் கொடுத்தால் போளூரில் சேர்ந்துவிடும். ஆனால் அக்கா கொடுத்ததோடு விடமாட்டார். போன் போட்டு "வந்துச்சா, வந்துச்சா" என்று கடைக்காரரின் உயிரை எடுப்பார். அன்றைக்கும் அதேதான். "நேத்து காலைல பஸ்ஸுல குடுத்தனுப்பினேன்ணா, இன்னும் வரலன்றீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் புது மனிதன் அல்லவா? கொடுத்த பிறகு கேட்பானேன் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தேன்.

தூசிக்காக என் மேஜையைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் போட்டிருந்தேன். நடுவில் ஒரு கண்ணாடிச் சன்னல். கம்ப்யூட்டரைப் போட்டால் மடை எப்போதும் ஹல்லர் பக்கம்தான் சாய்ந்திருக்கும். முதல் வேலையாக, விதைப் பக்கம் திரும்பு என்று கட்டளை கொடுத்தேன். 'மடை திரும்பியது' என்றது திரை. அந்தப் பக்கம் பார்த்துக் கையைத் தூக்கினேன். அக்கா தோளில் போனை இடுக்கிக்கொண்டே சலிக்கும் மெஷினைப் போட்டுவிட்டு, மறுபடி வாசலுக்குப் போனார். குழுப் பெண்கள் இருவர் முதல் மூட்டையை அவிழ்த்துக் கொட்டினார்கள். சாமை சலசலவென்று இறங்கியது. காலை ஆட்டிக்கொண்டு டீயைக் கையில் எடுத்தேன்.

அப்போது ஹல்லர் மோட்டாரின் உறுமல் கேட்டது.

சன்னல் வழியே பார்த்தேன். மடை இருந்த இடத்திலேயே இருந்தது. விதைச் சாமை முழுக்க ஹல்லருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

ஒரு அனுபவஸ்தன் அந்தக் கணத்தில் என்ன செய்தான் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். திரையைப் பார்த்தேன். 'மடை திரும்பியது.' மடையைப் பார்த்தேன். திரும்பவில்லை. மறுபடி திரையைப் பார்த்தேன். இரண்டில் திரையைத்தான் நம்பினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். அதற்குள் இன்னும் எத்தனையோ சாமை உள்ளே போனது. திரும்பு என்று மறுபடி அடித்தேன். 'மடை திரும்பியது.' ஹல்லரே நில் என்று அடித்தேன். 'மோட்டார் நின்றது' என்றது திரை. மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது.

டீயைக் கொட்டிவிட்டு எழுந்து ஓடினேன். எங்கே ஓடினேன் என்கிறீர்கள்? சிவப்புப் பித்தானைத் தாண்டி ஓடினேன். ஹல்லரின் வாயை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, சாமை விழும் இடத்தில் நெஞ்சைக் கொடுத்து மறித்தேன். சட்டைக்குள், பைக்குள், பனியனுக்குள் எல்லாம் சாமை இறங்கியது. "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கத்தினேன். மெஷின் சத்தத்தில் என் வாய் அசைந்ததுதான் தெரிந்திருக்கும்.

"சாரு மெஷின இன்னாத்துக்குடி கட்டிப் புடிக்கிறாரு?" என்றாளாம் மூட்டையைப் பிடித்திருந்தவள்.

"புது மெஷின் இல்லியா, பாசம்" என்றாளாம் மற்றவள். கொட்டுவதை நிறுத்தவில்லை.

திரும்ப மேஜைக்கு ஓடினேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. கை தன் பாட்டுக்குப் பழைய புத்திக்குப் போய், மடை எந்தப் பக்கம் இருக்கிறது என்று படித்துச் சொல்லும் கட்டளையை அடித்தது. நேற்று வரை ஒவ்வொரு வரிக்கும் நான் கேட்டுக்கொண்டிருந்த அதே 'ஆச்சா?'

அடித்ததுதான் தாமதம். டக் என்று மடை திரும்பியது. ஹல்லர் மோட்டார் நின்றது. சாமை சமர்த்தாக விதை மூட்டைக்குள் விழ ஆரம்பித்தது.

எனக்கு உட்கார நாற்காலி அகப்படவில்லை. தரையிலேயே உட்கார்ந்தேன். வாசலில் அக்கா இன்னும் போனில் இருந்தார். அவருக்கு எதுவும் தெரியாது. இனிமேல் என்னென்ன நடக்கும் என்று மனசு ஒவ்வொன்றாகக் காட்டியது. ஏர் பூட்டிய நிலங்கள் சும்மா கிடக்கின்றன. மலை முழுக்க எல்லா வீட்டிலும் சாமை உப்புமா. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு தரம் என் பேர். குழுக் கூட்டத்தில் அக்கா தலை குனிந்து நிற்கிறார். வெள்ளிக்கிழமைச் சந்தையில் என்னைக் கண்டதும் ஜனம் ஒதுங்குகிறது. மத்தியான பஸ்ஸில் கண்ணமங்கலத்துக்கு ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். தனியாகப் போனால் வளைவுகளில் யார் முழங்கையைச் சுரண்டுவது என்ற யோசனை வந்து அந்தத் திட்டத்தைக் கெடுத்தது.

எழுந்து வாசலுக்குப் போனேன். "அக்கா, ஒரு தப்பு நடந்து போச்சு."

"இருங்க மாப்ள" என்று கையைக் காட்டினார். போனில், "கண்டக்டரு அங்கதான் நிக்கிறானா? அவங்கிட்ட குடுங்கண்ணா... ஏம்பா, நேத்து குடுத்தேனே, நியூஸ் பேப்பர் சுத்தி? இன்னாது? பொட்டிக்குள்ளயேவா? ஒரு நாளு பூரா மேலயும் கீழயும் சுத்திக் காட்டினியா அதுக்கு? நான் கேக்கலன்னா இன்னும் ஒரு வாரம் சுத்தும் போல கீதே!"

"அக்கா, விதை..."

போனை வைத்தார். "இன்னா மாப்ள, மூஞ்சி வெளுத்துப் போச்சு? சட்டை பூரா சாமை வேற?"

சொன்னேன். மடை திரும்பவில்லை, விதை ஹல்லருக்குள் போய்விட்டது, ஒரு மூட்டைக்கு மேலேயே போயிருக்கும், என்னை மன்னிச்சிடுங்க என்று ஒரே மூச்சில் சொன்னேன். அக்காவின் முகம் மாறியது. விறுவிறுவென்று உள்ளே போனார். ஹல்லருக்கு அடியில் வைத்திருந்த சாக்கில் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். வெளிச்சத்தில் நீட்டி விரலால் தேய்த்துப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சிரிப்புச் சத்தம் கேட்டது.

"மாப்ள, இங்க பாருங்க. அப்டியே கீது. உமி ஒண்ணுகூடப் போவல."

பார்த்தேன். முழுச் சாமை. ஒரு மணிகூட உமி கழன்றிருக்கவில்லை.

"எப்படிக்கா? மோட்டார் ஓடிச்சே! நான் கேட்டேனே!"

அக்கா ஹல்லரின் பக்கவாட்டிலிருந்த தகர மூடியைத் தூக்கிக் காட்டினார். மோட்டாரிலிருந்து சக்கரத்துக்குப் போக வேண்டிய பெல்ட்டைக் காணோம்.

"மோட்டாரு ஓடும். பெல்ட்டு இல்லாம சக்கரம் எப்டி சுத்தும்? பெல்ட்டு பிஞ்சு கெடந்துச்சு. இன்னிக்கு விதை தானே, ஹல்லரு வேல இல்லியேன்னு கழட்டி, கடைக்காரரு அளவு பாத்து புதுசு குடுக்கட்டும்னு பேப்பர்ல சுத்தி நேத்து பஸ்ஸுல குடுத்தேன். அதத்தான் இவ்ளோ நேரம் தேடிக்கினு கீறேன். நேத்தே போய்ச் சேந்திருந்தா சாயங்கால பஸ்ஸுலயே புதுசு வந்திருக்கும். வந்ததும் மாட்டியிருப்பேன்."

நான் மோட்டாரைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தார். பிறகு என் பனியனுக்குள்ளிருந்து உதிர்ந்துகொண்டிருந்த சாமையைப் பார்த்தார். "அதையும் உதறிட்டுப் போங்க மாப்ள, அதுவும் விதைதான்."

மூட்டையைப் பிடித்திருந்தவள் சிவப்புப் பித்தானைக் காட்டிக் கேட்டாள்: "சார், ஏதாச்சும் ஆச்சுன்னா இதுல ஒரு குத்துன்னீங்களே, மறந்துட்டீங்களா?"

"நீங்க குத்தியிருக்கலாமே" என்றேன்.

"நீங்க கட்டிப் புடிச்சிக்கினு இருந்தீங்க. நடுவுல வந்தா நல்லா இருக்காதுன்னு உட்டுட்டோம்."

வீட்டுக்குப் போய் மதியம் முழுக்க அந்த போர்டின் கையேட்டைப் படித்தேன். வாங்கிய அன்றே படித்திருக்க வேண்டியது. கர்னல் எழுதும் எண், நேராகச் சாமானுக்குப் போவதில்லை. நடுவில் ஒரு சிப் இருக்கிறது. எழுதியதை அது வாங்கி வைத்துக்கொண்டு, 'சரி, போ' என்று உடனே அனுப்பிவிடும். எழுதியவன் வேலை முடிந்தது என்று அடுத்த வரிக்குப் போய்விடுவான். சிப் தனக்கு வசதிப்படும்போது கொண்டுபோய்ச் சேர்க்கும். நல்ல போர்டுகளில் இது கண்ணிமைப்பதற்குள் நடந்துவிடும். நான் வாங்கிய மலிவு போர்டின் சிப், பை நிறையட்டும் என்று உட்கார்ந்துகொள்ளும் ரகம். ஆனால் அதே சாமானிடமிருந்து எதையாவது படித்துச் சொல் என்று கேட்டுவிட்டால், கையில் இருப்பதையெல்லாம் வரிசையாகக் கொண்டுபோய்க் கொடுத்த பிறகுதான் பதிலோடு வர முடியும். அதனால் எழுதியது போய்ச் சேர வேண்டுமானால், எழுதிய கையோடு ஒரு தரம் படித்துக் கேட்பதுதான் முறை. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் செய்வது. நான் மட்டும் அதைப் பயத்தில் செய்து, வெட்கத்தில் அழித்திருக்கிறேன்.

எல்லா 'ஆச்சா'க்களையும் திரும்ப எழுதினேன். சாயங்காலம் மனைவி பள்ளியிலிருந்து வந்து, பையை வைப்பதற்குள் விழுந்து விழுந்து சிரித்தாள். வழியிலேயே அக்கா பிடித்துச் சொல்லியாயிற்று.

"அந்தப் பையன நாளைக்குக் கூப்புட்டு, கேளுடா ராஜா, நல்லா கேளுன்னு சொல்லப் போறேன்" என்றாள். பிறகு என் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த சாமை ஒன்றை எடுத்து, சன்னலோரத்துத் துளசித் தொட்டியில் போட்டாள்.

நடந்தது இவ்வளவுதான். நான் எழுதியது சிப்பிலும், அக்கா கொடுத்த பெல்ட்டு கண்டக்டர் பெட்டியிலும் கிடந்தன. சுற்றாத ஹல்லரின் வழியே விதை முழுசாக இறங்கி வந்தது. அதை அள்ளி மறுபடி சலித்து, மூட்டை கட்டிக் கொடுத்தோம். அந்த வாரமே விதைத்தார்கள். முளைத்தது.